அமுதரேகை திரும்பிப் போகவில்லை

உ
குற்றாலம்,
4-7-1937

அன்புள்ள மலருக்கு,

சுந்தரி எழுதிக்கொண்டது. நான் நலம். நீ நலமா? பாளையங்கோட்டை போர்டிங் சாப்பாடு உனக்கு ஒத்துக்கொண்டதா? முறையாகக் கேட்கவேண்டியதைக் கேட்டாகிவிட்டது. இனி விஷயத்துக்கு வருகிறேன்.

முடித்துவிட்டானே, பாவி!

வெள்ளிக்கிழமை ரயிலில் பத்திரிகை வந்துவிட்டது. கையில் எடுக்க முடிந்ததா? மாடியில் சீசனுக்கு வந்த மதுரைக்காரர்கள் பதினோரு பேர். வெந்நீர் எங்கே, எண்ணெய் எங்கே, குரங்கு துண்டைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது என்று ஒரே கூச்சல். எல்லோரும் பேரருவிக்குக் குளிக்கப் போனபிறகு, சாரலில் காயாத துணிகளுக்கு நடுவே கொல்லையில் உட்கார்ந்து பிரித்தேன். கடைசிப் பக்கத்தில் பெரிய எழுத்தில் ‘முற்றும்’ என்று போட்டிருக்கிறது.

மூன்று வருஷம், மலர்! பள்ளிக்கூடத்தில் கடைசி பெஞ்சில் ஒரே பத்திரிகையை நீ இடது பக்கமும் நான் வலது பக்கமும் பிடித்துக்கொண்டு படிக்க ஆரம்பித்தது. அமுதரேகை யார்? உப்பு விற்கிறவன் மகள். காலில் கிடக்கும் சிலம்பைத் தட்டினால் விழுகிற அருவி படிக்கட்டாக நிற்கும். அதில் ஏறிப் போவாள். ஆறு மாயாவிகளை ஜெயித்தவள். அவள் கடைசி அத்தியாயத்தில் சிலம்பைக் கழற்றி, ‘இனி எனக்கு இது எதற்கு?’ என்று சிரித்துக்கொண்டே இளவரசன் கீர்த்திவாகனனிடம் கொடுத்துவிட்டாளாம். அவன் அதைக் கஜானாவில் வைத்துப் பூட்டினானாம். இவள் பட்டத்து ராணியாகச் சுகமாக வாழ்ந்தாளாம். அவள் அப்படிச் சிரிக்கவே மாட்டாள். உனக்கும் எனக்கும் தெரியும். எழுதினவனுக்குத் தெரியவில்லை.

எனக்கு ஒரு யோசனை. அதற்குப் பிறகு என்ன நடந்தது என்று நாமே எழுதுவோம். ஒரு அத்தியாயம் நான், ஒரு அத்தியாயம் நீ. இரண்டே நிபந்தனை. அமுதரேகை செய்யமாட்டாத எதையும் அவளைச் செய்யவைக்கக் கூடாது. நம் இரண்டு பேரைத் தவிர வேறு யாரும் படிக்கக் கூடாது.

எங்கள் வீட்டுக்காரர் செங்கோட்டைக்குப் போயிருக்கிறார். தேங்காய் வியாபாரமாம், வாரத்தில் மூன்று நாள் அங்கேதான் வாசம். அதனால் மத்தியானத்தில் எனக்குப் பேனாவும் மையும் கிடைக்கும். முதல் அத்தியாயம் இதோடு வைத்திருக்கிறேன். உடனே பதில் போடு.

உன்,
சுந்தரி


கர்த்தர் துணை
பாளையங்கோட்டை,
15-7-1937

பிரியமுள்ள சுந்தரி,

உன் கவரை மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளின் கணக்கு நோட்டுகளுக்கு நடுவே வைத்துப் படித்தேன். எங்கள் ஹெட்மிஸ்ட்ரஸ் மிஸ்ஸியம்மா எட்டிப்பார்த்து, “கடிதமா?” என்று கேட்டார்கள். “வீட்டிலிருந்து” என்றேன். அது பொய் என்று எனக்குத் தோன்றவில்லை.

கடைசி அத்தியாயத்தைப் படித்துவிட்டு நான் பத்திரிகைக்கு நாலு பக்கம் எழுதிப் போட்டேன், தெரியுமா? ஒரு கார்டு வந்தது. ‘தங்கள் அபிமானத்துக்கு வந்தனம்’ என்று அச்சடித்திருந்தது. கீழே கையெழுத்துக்கூட இல்லை. அந்தக் கார்டைக் கிழித்துப் போட்டுவிட்டு, உட்கார்ந்து அழுதேன். பதினெட்டு வயசில் ஒரு வாத்திச்சி கதைக்காக அழுகிறாள் என்று தெரிந்தால் பிள்ளைகள் மதிப்பார்களா?

உன் அத்தியாயம் நன்றாக இருக்கிறது. ராணியானபிறகு அமுதரேகைக்கு நடக்கவே மறந்துபோகிறது, தோழிகள் கைத்தாங்கலாகக் கூட்டிப்போகிறார்கள் என்று எழுதியிருக்கிறாயே, எங்கிருந்து உனக்கு இதெல்லாம் வருகிறது? இரண்டாவது அத்தியாயம் நான் எழுதி அனுப்பியிருக்கிறேன். கஜானாவுக்குள் சிலம்பு தானாக முனகுகிறது. காவற்காரர்கள் பூனை என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

ஒன்று சொன்னால் கோபித்துக்கொள்ளாதே. நீ பேசுகிறமாதிரியே எழுதுகிறாய். வாக்கியம் எங்கே முடிகிறது என்று நான்தான் தேடவேண்டியிருக்கிறது. ஆகவே ஒரு பெரிய நோட்டு வாங்கி, இரண்டு பேர் அத்தியாயங்களையும் ஒழுங்குபடுத்தி நல்ல கையெழுத்தில் எழுதிவைக்கிறேன். முதல் பக்கத்தில் உன் பெயரையும் என் பெயரையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினேன். வெகுநேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நிபந்தனை இரண்டுக்கும் சம்மதம்.

உன் சிநேகிதி,
ஜெபமலர்


உ
குற்றாலம்,
16-11-1937

அன்புள்ள மலர்,

மூன்று வாரமாக எழுதவில்லை. ஐந்தாவது அத்தியாயம் என் முறை என்று எனக்கு நினைவிருக்கிறது. எழுதியிருக்கிறேன். அதைப் படிக்குமுன் இதைப் படி.

ஐப்பசிக் கடைசியில் செங்கோட்டையில் ஒரு கல்யாணம். பக்கத்து வீட்டார் வண்டியில் நானும் போனேன். சாப்பாடு முடிந்து வண்டிக்குத் திரும்பும்போது வழி தவறி வேறொரு தெருவுக்குள் போய்விட்டேன். ஒரு வீட்டு நடையில் குத்துவிளக்கு ஒன்று எரிந்தது. உச்சியில் கிளி. அந்தக் கிளிக்கு ஒரு பக்கத்துச் சிறகு மழுங்கியிருக்கும். என் கல்யாணத்துக்கு அப்பா கொடுத்த விளக்கு. மெருகு போடவேண்டும் என்று ஆவணியில் இவர் எடுத்துப்போன விளக்கு.

ஒருத்தி வெளியே வந்தாள். இடுப்பில் ஒரு வயசுப் பிள்ளை. அதற்கு இவருடைய நெற்றி, இவருடைய காது.

“யாரத் தேடுதிய?” என்று கேட்டாள். நல்லபடியாகத்தான் கேட்டாள்.

“வீடு மாறி வந்துட்டேன்” என்று சொன்னேன்.

“ஒக்காருங்க, தண்ணி குடிச்சிட்டுப் போங்க. மூஞ்சி வெளுத்திருக்கே” என்றாள்.

குடித்தேன், மலர். அவள் கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டுத்தான் வந்தேன்.

இவர் வந்ததும், “வெளக்கு எங்க?” என்று கேட்டேன். “மெருகுக்காரன் இன்னும் தரல” என்றார். கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. அதற்குமேல் நான் கேட்கவில்லை. அன்றைக்கே அந்த அத்தியாயத்தை எழுத உட்கார்ந்தேன். வெள்ளம் வந்து அருவிப்பக்கம் யாரும் போகக்கூடாதென்று தண்டோரா போட்டிருந்தார்கள். சத்தம் வீட்டுக்குள் வந்து தட்டுமுட்டுச் சாமானெல்லாம் அதிர்ந்தது.

அதில் அமுதரேகை வேட்டை மாளிகைக்கு வழி தவறிப் போகிறாள். தன் தகப்பன் கொடுத்த வெள்ளி விளக்கு அங்கே எரிவதைப் பார்க்கிறாள். ஒன்றும் பேசாமல் அரண்மனைக்கு வந்து, கஜானாப் பூட்டை உலக்கையால் உடைத்து, சிலம்பை எடுத்து மாட்டிக்கொண்டு வெள்ளத்தில் அருவி ஏறுகிறாள். கீழே நின்று கீர்த்திவாகனன் மூன்று தரம் கூப்பிடுகிறான். மூன்றாம் தரம் கூப்பிட்டபோது ஒரு படியில் நின்றாள் என்று முதலில் எழுதினேன். பிறகு அதை அடித்துவிட்டேன். அவள் நிற்கவில்லை.

இதை எழுதி முடித்தபிறகுதான் நான் என்ன செய்யப்போகிறேன் என்பது எனக்கே தெரிந்தது. ஆகையால் இது கதை என்று நினைத்து யாருக்கும் காட்டிவிடாதே. உன்னைத்தவிர இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. அம்மாவிடம்கூட.

சுந்தரி


கர்த்தர் துணை
பாளையங்கோட்டை,
24-11-1937

என் பிரிய சுந்தரி,

என்ன எழுதுவேன்? நாலு கடிதாசியைக் கிழித்துப்போட்டுவிட்டு ஐந்தாவதை எழுதுகிறேன். அந்தத் தண்ணீரை நீ குடித்தாயே, அந்த இடத்துக்குமேல் என்னால் படிக்க முடியவில்லை. உனக்காக ஜெபம்பண்ணுகிறேன். என்ன செய்தாலும் யோசித்துச் செய். கோபத்தில் படியிறங்கினால் பிறகு ஏறுவது கஷ்டம்.

ஆனால் அந்த அத்தியாயம்! சுந்தரி, அது உன் துக்கம் என்று தெரிந்தும், ஒரு வாசகியாக எனக்கு மேலெல்லாம் புல்லரித்தது. பூட்டை உடைக்க உலக்கையை எடுத்தாளே, அந்தப் பத்திரிகைக்காரன் நூறு வருஷம் தவம் கிடந்தாலும் அவனுக்கு அந்த உலக்கை கிடைக்காது.

இந்த வாரப் பத்திரிகை பார்த்தாயா? அமுதரேகை முடிந்ததிலிருந்து வாசகர் கடிதங்கள் மூட்டை மூட்டையாக வருகின்றனவாம். கதாசிரியர் இனி எழுதமாட்டேன் என்று கையை விரித்துவிட்டார். ஆகவே வாசகர்களே ‘இதற்குப் பிறகு’ என்று ஒரு அத்தியாயம் எழுதி அனுப்பலாமாம். சிறந்ததை அச்சில் போட்டு, ஒரு வருஷம் பத்திரிகை இலவசமாக அனுப்புவார்களாம். உன் ஐந்தாவது அத்தியாயத்தை அனுப்பினால் என்ன? அது ராணி கதைதானே. யாருக்கு என்ன தெரியப்போகிறது?

உன் மலர்


உ
தென்காசி,
20-12-1937

மலருக்கு,

மேலே தென்காசி என்று எழுதியிருப்பதைப் பார்த்திருப்பாய். வந்துவிட்டேன். ஒரு டிரங்குப் பெட்டியோடு பஸ்ஸில் வந்து இறங்கினேன்.

அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அப்பா ஆளனுப்பி அவரைக் கேட்டார். அவர் வந்து பூஜை அறை முன்னால் நின்று, “செங்கோட்டையில இருக்கது தேங்காக் குடோனு மாமா. இவ எந்த வீட்டப் பாத்தாளோ” என்று சத்தியம் பண்ணிவிட்டுப் போனார். அப்பா அவரை நம்புகிறார். “ஒரு மாசம் இருந்து மனசு ஆறுனபொறவு போ” என்று என்னிடம் சொன்னார். பெரிய அத்தை ஆவுடையம்மாள் ஒரு நாளைக்கு மூன்று தரம், “எப்பட்டி போற?” என்று கேட்கிறாள். நான் போகமாட்டேன் என்று மூன்று தரமும் சொல்லுகிறேன்.

போட்டிக்கு அனுப்பவேண்டாம். வேண்டவே வேண்டாம். ‘யாருக்குத் தெரியப்போகிறது’ என்று எழுதியிருக்கிறாய். எனக்குத் தெரியுமே.

சுந்தரி


பாளையங்கோட்டை,
9-1-1938

பிரிய சுந்தரி,

நீ வந்தது நல்லதா கெட்டதா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

இங்கே இன்ஸ்பெக்டர் வருகிறார் என்று ஒரே அமர்க்களம். எனக்குக் கண்வலி வேறு. அதனால் நோட்டில் அதிகம் எழுதவில்லை. ஆறாவது அத்தியாயம் என் முறை, கொஞ்சம் பொறு.

போட்டி விஷயமாக நீ எழுதியதைப் பார்த்தேன். உன் கடிதம் கொஞ்சம் தாமதமாகத்தான் வந்தது. கிறிஸ்மஸ் தபால் நெருக்கடி. உன்னிடம் ஒரு காரியம் சொல்லவேண்டும். கடிதத்தில் எழுதினால் சரியாக இராது. சித்திரைக் கடைசியில் லீவு விட்டதும் நேரில் வந்து சொல்லுகிறேன். அதற்குள் ஒன்றும் ஆகிவிடாது.

ஜெபமலர்


தென்காசி,
14-3-1938

ஜெபமலருக்கு,

நீ நேரில் வந்து சொல்லவேண்டியதில்லை. நேற்று வல்லிநாயகம் வந்து சொல்லிவிட்டார். ஆமாம், பெயரை எழுதிவிட்டேன். புருஷன் பெயரை வாயால் சொல்லக்கூடாது, கையால் எழுதக்கூடாது என்று வளர்த்தார்கள். என் பெயரை நீ ஊருக்கெல்லாம் அச்சடித்துக் கொடுத்தபிறகு அவர் பெயரை நான் எழுதினால் என்ன?

தன் பக்கத்துப் பெரியவர்கள் இரண்டு பேரோடு வந்தார். சண்டைக்கு வந்தவர் மாதிரி இல்லை. சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார். மடியிலிருந்து பத்திரிகையை எடுத்தார்.

“மாமா, நான் ஒண்ணும் சொல்ல வரல. ஒங்க மக என்ன நெனைக்கான்னு அவளே எழுதியிருக்கா. நான் படிக்கேன், கேளுங்க” என்றார்.

படித்தார், மலர். என் அத்தியாயத்தை அவர் வாயால் படித்தார். ராணி, வேட்டை மாளிகை என்று ஆரம்பித்தது. விளக்கைக் காணோம், அந்த இடத்தில் ‘அரசன் மனம் வேறிடத்தில் சென்றதை அறிந்து’ என்று ஒரு வரி. உலக்கையைக் காணோம், சாவி வந்திருந்தது. அருவி ஏறினாள். கீர்த்திவாகனன் மூன்று தரம் கூப்பிட்டான். அப்புறம் நான் எழுதாத ஒன்றை அவர் படித்தார்: ‘அமுதரேகையின் கண்களில் நீர் பெருகிற்று. ஆயிரம் பிழை செய்தாலும் அவரன்றி எனக்கு வேறு நிழல் ஏது என்று உணர்ந்தாள். ஒவ்வொரு படியாக இறங்கி வந்து அவன் பாதங்களைத் தொட்டாள்.’

கீழே: ‘குற்றாலம் கல்யாணசுந்தரி, பாளையங்கோட்டை ஜெபமலர்.’

அப்பா என்னைக் கூப்பிட்டார். “இது ஒம் பேருதான?”

“ஆமா.”

“நீ எழுதுனதுதான?”

பாதி நான் எழுதியது, பாதி நான் எழுதவில்லை என்று சொன்னேன். பாதிக் கதை எழுதுகிற பழக்கம் யாருக்கு உண்டு? யாரும் நம்பவில்லை. ஆவுடையம்மாள் அத்தைக்குக் கண் கலங்கிவிட்டது. “மனசுல இவ்வளவு பாசத்த வச்சுக்கிட்டு ஏம்ட்டி வீம்பு பண்ணுத?” என்று என் கன்னத்தைத் தடவினாள். சித்திரை பத்தாம் தேதி கார் கொண்டுவந்து என்னைக் கூட்டிப்போவதாக நாள் குறித்துவிட்டுப் போனார்கள்.

மூன்று மாசமாக நான் இந்த வீட்டில் எல்லோரிடமும் முடியாது, முடியாது என்று சொல்லிக்கொண்டிருந்தேன். ஒருத்தருக்கும் என்னை அசைக்க முடியவில்லை. நீ பாளையங்கோட்டையில் உட்கார்ந்துகொண்டு அவளைப் படியிறக்கினாய். அவனுடைய காலையும் தொடவைத்தாய்.

அந்த எழுத்தாளன் சிலம்பைக் கழற்றினபோது நாம் அவனைத் திட்டினோமே. அவனுக்கு அவளைத் தெரியாது. உனக்குத் தெரியும்.

கல்யாணசுந்தரி


பாளையங்கோட்டை,
21-3-1938

சுந்தரி,

நீ திட்டியது போதாது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

உன் ‘வேண்டாம்’ வருவதற்கு முன்பே அனுப்பிவிட்டேன் என்று சொல்ல நினைத்தேன். அது பொய். உன் கடிதம் வந்து மூன்று நாள் கழித்துத்தான் அனுப்பினேன். தபால் நெருக்கடி என்று எழுதினதும் பொய்.

தை மாசம் பத்திரிகையிலிருந்து பதில் வந்தது. கதை பிரமாதம், ஆனால் குடும்ப ஸ்திரீகள் படிக்கிற பத்திரிகை, ராணி புருஷனை விட்டுவிட்டுப் போவதாக முடிக்கமுடியாது, திரும்பி வருவதாக மாற்றிக்கொடுத்தால் மாசியில் போடுவோம் என்று எழுதியிருந்தார்கள். ஒரு சாயங்காலத்தில் மாற்றிவிட்டேன். விளக்கை எடுத்தால் உன் வீட்டை யாரும் அடையாளம் கண்டுகொள்ளமாட்டார்கள் என்று நினைத்தேன். அப்படியானால் உன் பெயரை ஏன் போட்டாய் என்று கேட்பாய்.

சொல்லுகிறேன். உங்கள் வீட்டுக்கு எத்தனை வருஷம் வந்திருப்பேன்? முன்வாசல் வழியாக ஒருநாள் வந்ததுண்டா? கொல்லைப்பக்கம் வந்து, முருங்கைமரத்தடியில் நிற்பேன். நீ உள்ளேயிருந்து பத்திரிகையைக் கொண்டுவருவாய். உங்கள் அம்மா தம்ளரைக் கழுவி ஓரமாகக் கவிழ்ப்பார்கள். உன் கல்யாணத்தன்று பந்தியில் எனக்கு இடமில்லை. ஓலைப்பெட்டியில் சாப்பாடு கட்டிக் கொடுத்துவிட்டார்கள். நீ பார்த்தாய். ஒன்றும் சொல்லவில்லை. உன்மேல் அப்போது எனக்குக் கோபம்கூட வரவில்லை. ஆனால் அந்தப் பத்திரிகையில் உன் பெயரும் என் பெயரும் ஒரே வரியில் உட்கார்ந்திருக்கின்றன. அதற்காகத்தான் செய்தேன். அதற்காக அமுதரேகையை விற்றேன்.

இன்னொன்றும் இருக்கிறது. இதை எழுதாமலிருந்தால் மற்றதெல்லாம் எழுதியும் பிரயோஜனமில்லை. அவளைப் படியிறக்கும்போது நான் ஒரு வார்த்தையைக்கூட அடித்து எழுதவில்லை. நீ திரும்பிப் போனால் தேவலை என்று எனக்கும் உள்ளே ஒரு எண்ணம் இருந்தது. தனியாக இருக்கிற பெண்ணுக்கு என்ன மரியாதை என்று நான் தினமும் பார்க்கிறவள்.

பத்திரிகைக்கு மறுப்பு எழுதிப் போட்டேன். வந்தனம் என்று அதே கார்டு வந்திருக்கிறது.

ஜெபமலர்


தென்காசி,
27-3-1938

ஜெபமலருக்கு,

முருங்கைமரத்தடியைப் பற்றிப் பிறகு பேசலாம். இப்போது எனக்கு நாளில்லை.

சித்திரை பத்தாம் தேதி காலையில் நீ இங்கே வரவேண்டும். அப்பா முன்னால், அந்த மனிதர்கள் முன்னால், முடிவை எழுதியது நான்தான் என்று சொல்லவேண்டும். பத்து வார்த்தைதான். வேறு யார் சொன்னாலும் எடுபடாது.

கல்யாணசுந்தரி


பாளையங்கோட்டை,
10-4-1938

பிரிய சுந்தரி,

லீவு கேட்டேன். எதற்கு என்று மிஸ்ஸியம்மா கேட்டார்கள். பத்திரிகை அவர்கள் மேஜைமேல் கிடந்தது. இப்படிப்பட்ட மாயக் கதைகளில் நம் டீச்சர் ஒருத்தியின் பெயர் வரலாமா என்று ஏற்கெனவே ஒரு தரம் கண்டித்திருக்கிறார்கள். இன்னொரு தரமானால் வேலை போகும்.

இதுவும் முழுக்காரணம் இல்லை. உங்கள் அப்பா என்னை எங்கே நிறுத்திவைத்துக் கேட்பார்? வெயிலில், முற்றத்தில். அவர்கள் எல்லோரும் உள்ளே உட்கார்ந்திருக்க, நான் வெளியே நின்று என் குற்றத்தை ஒப்புக்கொள்ளவேண்டும். அப்போது நீ எங்கே நிற்பாய் என்று யோசித்துப் பார்த்தேன். என்னால் முடியவில்லை, சுந்தரி.

உங்கள் அப்பாவுக்குத் தனியாக ஒரு கடிதம் எழுதியிருக்கிறேன். எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறேன். அது போதும் என்று நம்புகிறேன்.

நோட்டு என்னிடம் இருக்கிறது. இராத்திரியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு கிடக்கிறேன். நீ எழுதினபடியே வைத்துக்கொண்டால், உச்சிக்குப் போனபிறகு அவள் என்ன செய்தாள்? அதை மட்டுமாவது எழுது.

ஜெபமலர்


உ
தென்காசி,
15-5-1938

ஜெபமலருக்கு,

நடந்ததைத் தெரிந்துகொள்ள உனக்குப் பாத்தியதை உண்டா இல்லையா என்று மூன்று வாரம் யோசித்தேன். எழுதிவிடுகிறேன்.

உன் கடிதம் வந்தது. அப்பா கவரைத் திருப்பிப் பார்த்து, “அந்த வேதக்கார டீச்சரா?” என்று கேட்டுவிட்டு, உடைக்காமலே வெற்றிலைச் செல்லத்துக்கு அடியில் வைத்துக்கொண்டார். வெற்றிலை எடுக்கும்போதெல்லாம் அது கண்ணில் படுகிறது. இன்னும் உடைக்கவில்லை.

பத்தாம் தேதி கார் வந்தது. அத்தை எனக்குத் தலைவாரிப் பூ வைத்துவிட்டாள். வல்லிநாயகமும் அந்த இரண்டு பெரியவர்களும் கூடத்தில் உட்கார்ந்து காப்பி சாப்பிட்டார்கள். நான் அடுக்களை நடையைத் தாண்டி வந்து கூடத்தில் நின்றேன். அப்படி நான் நின்றதில்லை. எங்கள் வீட்டுப் பெண்கள் யாரும் அப்படி நின்றதில்லை.

“அச்சுல இருக்கது நான் எழுதுனதில்ல. நான் எழுதுனத இப்பச் சொல்லுதேன். கேட்டுட்டுப் பொறவு கூட்டிட்டுப் போங்க” என்றேன்.

“கத கேக்கவா வந்திருக்கோம்?” என்றார் ஒரு பெரியவர்.

“அன்னைக்குப் படிச்சப்பக் கேட்டிகள்லா?” என்றேன்.

நான் ஆரம்பித்தேன். வரிக்கு வரி எனக்கு மனப்பாடம். ராணி வழி தவறினாள். வேட்டை மாளிகை நடையில் தன் தகப்பன் கொடுத்த விளக்கு எரிவதைப் பார்த்தாள். பிள்ளையோடு ஒருத்தி வந்து, தண்ணீர் கொடுத்தாள். “அந்த வெளக்க ராஜாவே தூக்கி அவளுக்குக் குடுத்துட்டான்” என்று சொன்னேன்.

“தூக்கிக் குடுக்கல. இரவலாத்தான் வச்சிருக்கா. கேட்டா தந்திருவா” என்றார் வல்லிநாயகம்.

சொன்னபிறகுதான் அவருக்கே தெரிந்தது. காப்பித் தம்ளரைக் கீழே வைத்தார்.

அப்பா மெதுவாகக் கேட்டார்: “யாரு வச்சிருக்கா, மாப்ள?”

அவர் என்னென்னவோ சொன்னார். குடோன் என்றார், குடோன்காரன் வீட்டம்மா என்றார். அப்பா பூஜை அறைப் பக்கம் ஒருதரம் பார்த்தார். பிறகு எழுந்து, “காரத் திருப்பச் சொல்லுங்க” என்று மட்டும் சொல்லிவிட்டுக் கொல்லைப்பக்கம் போய்விட்டார்.

நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே. அப்பா அன்றிலிருந்து என்னோடு பேசுவதில்லை. சத்தியத்தை நம்பி ஏமாந்த கோபம் அவருக்கு. அதை என்மேல்தான் காட்டமுடிகிறது. தெருவில் வாழாவெட்டி என்கிறார்கள். தண்ணீர் எடுக்கப் போனால் பேச்சு நின்றுபோகிறது. விளக்கு இன்னும் செங்கோட்டையில்தான் எரிகிறது. எரியட்டும். நான் கேட்கவில்லை.

நீ வந்திருந்தால் அப்பா உன்னை முற்றத்தில்தான் நிறுத்தியிருப்பார். நான் இறங்கி வந்து உன் பக்கத்தில் நின்றிருப்பேன் என்று எழுதத்தான் ஆசை. நின்றிருப்பேனா என்று எனக்குத் தெரியவில்லை. என் கல்யாணத்தில் உனக்குக் கொடுத்த ஓலைப்பெட்டியை நான் பார்த்தேன். பார்த்துவிட்டு மணையில் உட்கார்ந்திருந்தேன். அது நான் உனக்குச் செய்தது. அதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். அதையும் இதையும் கழித்துக்கொள்ள என்னால் முடியவில்லை. இரண்டும் தனித்தனியாக இருக்கின்றன.

கார் போன அன்று மத்தியானம் அடுக்களையில் சுருண்டு படுத்திருந்தேன். ஆவுடையம்மாள் அத்தை வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். ஏதோ வையப்போகிறாள் என்று நினைத்தேன். “பொறவு? மேல ஏறிப் போயி அவ என்ன செஞ்சா?” என்று கேட்டாள்.

சொன்னேன். மறுநாளும் கேட்டாள். இப்போது தினமும் மத்தியானம் சொல்லுகிறேன். அம்மாவும் வருகிறாள், அரிசி புடைக்கிற சாக்கில். சொன்னதையெல்லாம் எழுதியும் வைக்கிறேன், நான் பேசுகிறமாதிரியே. வாக்கியம் எங்கே முடிகிறது என்று அவர்கள் யாரும் தேடவில்லை. ஒன்பது அத்தியாயம் ஆகிவிட்டது.

உச்சிக்குப் போனபிறகு அவள் என்ன செய்தாள் என்று நீயும் கேட்டிருக்கிறாய். எனக்குத் தெரியும், மலர். அவள் போன இடம், பார்த்த ஆட்கள், பேசின பேச்சு எல்லாம் தெரியும். சில இடங்களில் எனக்கே சிரிப்பு வருகிறது. உனக்கும் வரும். உனக்குச் சொல்லமாட்டேன்.

நோட்டை நீயே வைத்துக்கொள். கடிதம் எழுது. கண்வலி தேவலையா, பிள்ளைகள் கணக்கில் எப்படி, மிஸ்ஸியம்மா இன்னும் திட்டுகிறார்களா என்று எழுது. நான் பதில் போடுவேன். அவளைப் பற்றி மட்டும் இனிமேல் என்னிடம் கேட்காதே.

இப்படிக்கு,
தி. கல்யாணசுந்தரி